பட்டினச்சேரி ஸ்விஃப்ட்டின் பந்தயத் தடக் கணக்கு

காரைக்கால் பக்கத்துக் கடற்கரை ஊரான பட்டினச்சேரியிலிருந்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் ஏறத்தாழ 290 கிலோமீட்டர். 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட்டை நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கிடைக்கும்; 16 லிட்டரில் போய்ச் சேர்ந்துவிடலாம். போய்ச் சேர்ந்தபின் அன்று முழுக்கத் தடத்தில் ஓடப்போவது 89 கிலோமீட்டர்தான். அதற்கு மட்டும் 15 லிட்டர் வேண்டும். காரைக்காலில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர் வரை போக ஆகிற பெட்ரோலும், வெறும் 89 கிலோமீட்டருக்கு எரிகிற பெட்ரோலும் கிட்டத்தட்ட ஒன்று. அந்த ஒரு நாளில் காரின் ஒவ்வொரு பாகமும் எவ்வளவு உழைக்கும் என்பதற்கு இதுவே அளவு.

89 எப்படி வந்தது? தடத்தின் ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். பழகாத கை, மாற்றம் எதுவும் செய்யாத கார் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். சராசரி வேகம் மணிக்கு 89 கிலோமீட்டர். 15 நிமிட அமர்வில் 6 சுற்று. நான்கு அமர்வில் 24 சுற்று. பெருக்கினால் 89.2 கிலோமீட்டர். முழு விசையில் மிதிக்கும்போது லிட்டருக்கு 6 கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

இப்படித் தடத்தில் ஓட்டும் நாளான டிராக் டே என்பது போட்டி அல்ல. பரிசு கிடையாது, யாரையும் தோற்கடிக்க வேண்டியதில்லை. தினமும் காய்கறி வாங்கப் போகிற அதே காரை, எதிரே வண்டி வராத, நாய் குறுக்கே ஓடாத, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கிற ஒரு தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள். தமிழ்நாட்டில் தடத்தில் ஓட்டுவதற்கு நீண்ட வரலாறு உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையான சோழவரம்தான் பல பத்தாண்டுகள் அதன் களம். 1990-ல் அதே கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடத்தைத் திறந்தது. இப்போது அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். கோவை செட்டிப்பாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. நம்மூரிலிருந்து அதற்கு 350 கிலோமீட்டர் என்பதால் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபின் நம் பக்கத்து இளைஞர்களும் கார்ப் பந்தயத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். பேசுவதோடு நின்றால் பரவாயில்லை. தேசிய நெடுஞ்சாலை 32-ல் புதிதாக அகலப்படுத்திய இடங்களில் இரவில் 140-ஐத் தொட்டுப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி பொதுச்சாலையில் பந்தயம் விட்டால் முதல் தடவைக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் ஓராண்டு, 10,000. சட்டத்தை விடுங்கள், அதிகாலை மூன்று மணிக்கு மீன் கூடையோடு சாலையைக் கடக்கிற பெண்களை நினைத்துப் பார்த்தால் போதும். 140-ல் போகிற கார் ஒரு விநாடியில் 39 மீட்டர் கடக்கிறது. ஆசை இருக்கிறவர்கள் தடத்துக்குத்தான் போக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்குத்தான் இந்தக் கணக்கு.

பணத்தை முதலில் எதில் போடுவது? எஞ்சினில் அல்ல, பிரேக்கில். காரணத்தையும் எண்ணிலேயே பார்த்துவிடலாம்.

2018-ல் வந்த மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்ட்டின் எடை 860 கிலோவை ஒட்டியது. ஓட்டுபவர் 70 கிலோ, பெட்ரோல் 20 கிலோ, மொத்தம் 950. நேர்ப்பாதையின் முடிவில் 140-ல் வந்து, திருப்பத்துக்காக 60-க்கு இறக்குகிறோம். இந்த ஒரு மிதியில் கார் விட்டுவிடுகிற ஆற்றல் 586 கிலோஜூல். 30 டிகிரியில் இருக்கிற ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 293 கிலோஜூல் வேண்டும். ஆக, பிரேக்கை ஒரு முறை அழுத்தி மிதித்தால் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு பிறக்கிறது, அதுவும் நாலைந்து விநாடிக்குள். சுற்றுக்கு இப்படி மூன்று மிதி என்று வைத்தால் ஓர் அமர்வுக்கு 18 மிதி, 36 லிட்டர் கொதிநீர்.

இந்தச் சூட்டில் சுமார் 70 விழுக்காட்டை முன்சக்கர டிஸ்க் இரண்டும் வாங்குகின்றன. ஒரு டிஸ்க் 4 கிலோ வார்ப்பிரும்பு என்று கொண்டால் ஒவ்வொரு மிதிக்கும் அதன் வெப்பம் 110 டிகிரி ஏறும். அடுத்த திருப்பத்துக்குள் அதில் ஒரு பகுதிதான் ஆறும். சில சுற்றுகளில் டிஸ்க் 300, 400 டிகிரியைத் தொட்டுவிடும். அங்கிருந்து சூடு பேடு வழியாக, பிஸ்டன் வழியாக பிரேக் ஆயிலுக்கு வருகிறது. பட்டினச்சேரி காருக்கு ஆபத்து இருப்பது இங்கேதான்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும் என்பது தர விதி, 3.7 விழுக்காடு தண்ணீர் கலந்தபின் 140 இருந்தால் போதும். டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. புதியதற்கும் ஈரமேறியதற்கும் நடுவே 65 முதல் 80 டிகிரி வரை பறிபோகிறது. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகும். குமிழி நசுங்கும், பிரேக் பிடிக்காது. பெடல் தரையைத் தொடும்போது 140-ல் அரை விநாடி தாமதமானால்கூட 19 மீட்டர் போய்விட்டிருப்போம். மற்ற ஊர்களில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்பார்கள். ஆண்டு முழுக்க ஈரக்காற்று வீசுகிற கடற்கரையில் வருடம் ஒருமுறை, தடத்துக்குப் போவதற்கு முந்தைய வாரம் கட்டாயம் இன்னொரு முறை என்று வைத்துக்கொள்வதே சரி.

இந்த வேலையில் ஆயில் பாட்டிலைவிடச் சிரமம் தருவது ஒரு சின்ன நிப்பிள். காலிப்பரின் தலையில் இருக்கும் அந்த நிப்பிளை உப்பு இறுக்கிப் பிடித்திருக்கும். ஸ்பேனரைப் போட்டவுடன் அழுத்தினால் கழுத்தோடு முறிந்துவிடும். பிறகு காலிப்பரையே கழற்றிக் கடைசலுக்குக் கொண்டுபோக வேண்டிவரும். முந்தின நாள் மாலையே துருவகற்றும் எண்ணெயை அடித்து இரவு முழுக்க ஊற விட வேண்டும். காலையில் ஸ்பேனரின் பின்பக்கம் சுத்தியலால் மெல்லத் தட்டினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், பிடி விட்டுவிட்டது என்று பொருள். அதன்பின் இருவர் வேலை. உள்ளே ஒருவர் பெடலில், கீழே மெக்கானிக் தம்பி.

“மிதிங்கண்ணே… இன்னொரு வாட்டி… பிடிச்சுக்குங்க, விட்டுறாதீங்க.”

நிப்பிளைக் கால் சுற்று திறப்பார். டியூப் வழியாகப் பழைய ஆயில் பாட்டிலில் இறங்கும், காய்ச்சிய கருப்பட்டிப் பாகு நிறத்தில். நிப்பிளை மூடியபின்தான் “விடுங்கண்ணே” என்பார். மூடுவதற்கு முன்னால் காலை எடுத்தால் காற்று உள்ளே ஏறிவிடும். பெரும்பாலும் ஓட்டுநருக்கு எதிர்மூலையில் இருக்கும் பின் இடது சக்கரத்தில் தொடங்கி, நான்கு சக்கரத்திலும் தெளிவான வெளிர்மஞ்சள் ஆயில் வரும் வரை இது நடக்கும். ஒரு லிட்டர் வாங்கி வைத்தால் தாராளமாகப் போதும்.

அதே கையோடு காலிப்பரின் வழுக்குப் பின் இரண்டையும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டியவை அவை. கடலோரக் காரில் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் காய்ந்து, பின்னில் செம்பழுப்புத் திட்டு படிந்திருக்கும். பின் இறுகினால் ஒரு பக்கத்துப் பேடு மட்டும் தேயும். கார் பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கமாக இழுக்கும். ரோட்டில் 50-ல் அது தெரியாது. 140-ல் தெரியும். உப்புத்தாளால் தேய்த்து, சூடு தாங்கும் சிலிக்கான் கிரீஸ் தடவி, புது உறை போட்டால் வேலை முடிந்தது. 500 ரூபாய் சாமான். மொத்தச் செலவில் இதைவிட லாபமான 500 ரூபாய் வேறு இல்லை.

பேடு 5 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் புதிது போட வேண்டும். டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் அதன் விளிம்பிலேயே பொறித்திருக்கும். அதைத் தொட்டுவிட்டிருந்தால் ஜோடிக்கு 4,000 ரூபாய் கூடுதல். காலையில் டிஸ்க்கில் தெரிகிற மேல்துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பத்து மிதியில் போய்விடும். பயப்பட வேண்டியது காரின் அடியில் ஓடும் பிரேக் குழாயில் இருக்கிற துரு. நகத்தால் சுரண்டினால் செதில் உதிர்கிறதா என்று பார்க்க வேண்டும். உதிர்ந்தால் அந்தக் குழாயை மாற்றாமல் தடத்துக்குப் போகக் கூடாது. லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட், பின்பக்க டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டர் கசிவு, இவையும் காரை ஜாக்கியில் தூக்கியிருக்கும்போதே பார்த்துவிட வேண்டியவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் நம்மூர்க்காரர்கள் விசைப்படகைக் கரையேற்றி, துருவைச் சுரண்டி, எஞ்சினை இறக்கி வேலை பார்ப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

டயரில் பெரும்பாலோர் தேவையில்லாமல் செலவழிக்கிறார்கள். ஸ்விஃப்ட்டின் உயர் வகைகளில் வருகிற 185/65 ஆர் 15 அளவே போதும். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. ஐந்து வருடத்துக்கு உட்பட்டதாக, பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டருக்கு மேல், பக்கவாட்டில் வீக்கமோ வெடிப்போ இல்லாததாக இருந்தால் மாற்ற வேண்டாம். சட்டம் கேட்கிற 1.6 மில்லிமீட்டர் தடத்துக்குப் பத்தாது.

காற்றுதான் முக்கியம். காலையில் 30 டிகிரியில் 30 பி.எஸ்.ஐ. வைத்த டயர், ஓடி 75 டிகிரிக்குச் சூடேறினால் உள்ளே 36.6 பி.எஸ்.ஐ. ஆகிவிடும். டயர் பலூன் மாதிரி நடுவில் உப்பி, விளிம்பு தரையில் பதியாது. திருப்பத்தில் பிடி குறையும். ஒவ்வொரு அமர்வு முடிந்தவுடனும் சூட்டிலேயே அளந்து 33, 34-க்கு இறக்க வேண்டும். மாலையில் டயர் ஆறியதும் கையேட்டில் சொன்ன அளவுக்கு மறுபடி ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் குறைந்த காற்றோடு 290 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு வருவோம். சிகரெட் லைட்டரில் செருகும் சின்ன கம்ப்ரசர் ஒன்று இரவல் கிடைத்தால் போதும்.

எஞ்சின் ஆயில் 3 லிட்டருக்குச் சற்று மேல். புதிதாக மாற்றி, டிப்ஸ்டிக்கில் மேல்கோடு வரை நிறுத்த வேண்டும். வேகமாகத் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், அளவு குறைவாக இருந்தால் பம்பு காற்றை இழுக்கும். பெட்ரோலுக்கும் இதே விதி: கால் டேங்குக்குக் கீழே போக விடக் கூடாது. ரேடியேட்டரில் எப்போதாவது போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் முழுக்க வடித்துவிட்டுக் கூலன்ட் மாற்றுங்கள். நம் கரையோர நிலத்தடி நீரின் உப்பு அலுமினியத்துக்கு எமன்.

இனி மொத்தக் கணக்கு. 2025 விலைகளை வட்டமாக்கிப் போட்டிருக்கிறேன். கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். நுழைவுக் கட்டணம் நடத்துகிறவரைப் பொறுத்தது, அதற்கு நான் ஒதுக்கியிருப்பது 10,000.

பெட்ரோல், 47 லிட்டர்: 4,560
சுங்கம், போக வர: 600
முன் பிரேக் பேடு ஒரு செட்: 2,000
பிரேக் ஆயில், டாட் 4, ஒரு லிட்டர்: 700
காலிப்பர் பின் உறை, கிரீஸ்: 500
பிரேக் வேலைக் கூலி: 1,000
எஞ்சின் ஆயில், ஃபில்டர்: 2,300
கூலன்ட்: 1,000
வீல் அலைன்மென்ட், பேலன்சிங்: 800
முழுமுக ஹெல்மெட், ஐ.எஸ்.ஐ.: 3,000
நுழைவு: 10,000
ஒரு இரவு அறை, சாப்பாடு: 3,000
ஆக மொத்தம்: 29,460 ரூபாய்.

பட்டியலில் உள்ள பெட்ரோல் வரிக்கு ஒரு விளக்கம். 2025-ல் 37 லிட்டர் டேங்கைக் காரைக்காலில் நிரப்பினால் லிட்டர் சுமார் 96 ரூபாய். சென்னைப் பக்கம் நூற்றுக்கு மேல். புதுச்சேரி அரசு 2025 தொடக்கத்தில் வரியைக் கூட்டியபின்னும் இந்த வித்தியாசம் நின்றது. போய்ச் சேரும்போது 21 லிட்டர் மிச்சம் இருக்கும். மதியத்தில் ஸ்ரீபெரும்புதூர் பங்கில் 10 லிட்டர் போட்டால் கால் டேங்குக்குக் கீழே இறங்காமல் நாளை முடித்து, வீடு வரை வந்துவிடலாம்.

பிரேக்குக்கான நான்கு வரிகளையும் கூட்டினால் 4,200. மொத்தத்தில் ஏழில் ஒரு பங்கு. காரும் ஆளும் திரும்பி வருவது பெரும்பாலும் இந்த ஏழில் ஒரு பங்கைப் பொறுத்தது.

பட்டியலில் சில பெயர்கள் இல்லை: சத்தமான சைலன்சர், ரீமேப், கோன் ஃபில்டர், தாழ்த்திய ஸ்பிரிங், அலாய் வீல். ஒவ்வொன்றுக்கும் நான் எழுதிய தொகை பூஜ்ஜியம். ஸ்விஃப்ட்டின் 83 குதிரைத்திறன் முதல் வருடத்துக்குத் தேவைக்கு மேலேயே இருக்கிறது. கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் பெயர் தந்த கரிவர்தன் 1980-களின் இறுதியில் மாருதி 800-ன் 796 சிசி எஞ்சினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி பந்தயக் காரைக் கட்டினார். 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் அந்த வகைக் காரில்தான் பந்தயத்தில் இறங்கினார். சின்ன எஞ்சினில் ஓட்டப் பழகுகிறவர் வேகத்தைத் திருப்பத்தில் தேடக் கற்றுக்கொள்கிறார். வேகம் கூட்ட 20,000 செலவழிக்கிறவர் அந்தக் கூடுதல் வேகத்தைப் பழைய பிரேக்கின் தலையில் கட்டுகிறார்.

செலவே இல்லாத இரண்டு வழிகள் உண்டு. பக்கத்தில் நண்பர் உட்காராமல் இருந்தால் 70 கிலோ மிச்சம். பிரேக் சூடு 7 விழுக்காடு குறையும். திருப்பத்துக்கு 140-க்குப் பதில் 135-ல் வந்து பிரேக் பிடித்தால் 8.6 விழுக்காடு குறையும். ஐந்து கிலோமீட்டர் வேகம் ஒரு ஆளைவிடக் கனம். நாள் முழுக்க பிரேக் ஒரே மாதிரி இருக்க வேண்டுமென்றால், முதல் இரண்டு அமர்வில் இந்த ஐந்தை விட்டுக்கொடுங்கள்.

கணக்குப் புத்தகத்தின் வலதுபக்கத்தில் வேறொரு தொகை இருக்கிறது. நம் தனியார் கார் காப்பீட்டுப் பத்திரங்களில் பயன்பாட்டு வரம்பு என்ற பத்தியை எடுத்துப் படியுங்கள்: ஒழுங்கமைத்த பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குக் காப்பீடு செல்லாது என்று இருக்கும். தடத்தில் கார் மோதினால் செலவு முழுக்க நம்முடையது என்று எண்ணித்தான் போக வேண்டும். முன்பக்கம் தடுப்பில் மோதினால் பம்பர், ரேடியேட்டர், ஹெட்லைட் என்று செலவு லட்சத்தைத் தாண்டுவது எளிது. அதனால் 29,460-க்கு வெளியே, கார் ஓடாமல் நின்றால் லாரியில் ஏற்றி 290 கிலோமீட்டர் கொண்டுவர 10,000 ரூபாயைத் தனியாக வைத்திருக்க வேண்டும். அது இல்லாதவர் இந்த வருடம் போக வேண்டாம். காரைக் கடனில் வாங்கித் தவணை கட்டிக்கொண்டிருக்கிறவர்களும் தவணை முடியும் வரை பொறுக்கலாம் என்பது என் கருத்து. தடம் 1990-லிருந்து அங்கேதான் இருக்கிறது.

அன்று காலை செய்ய வேண்டியவை அதிகமில்லை. ஸ்டெப்னி, ஜாக்கி, தரைவிரிப்பு, கோயில் குங்குமச் சிமிழ் முதற்கொண்டு காருக்குள் ஆடக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துப் பிட்டில் வைக்க வேண்டும். ஓட்டுநர் காலடிக்குத் தண்ணீர் பாட்டில் உருண்டு போனால் பிரேக் பெடல் இறங்காது. வீல் நட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, முதல் அமர்வுக்குப் பின் மறுபடி பார்க்க வேண்டும். ஒவ்வொரு அமர்விலும் கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி டிஸ்க்கை ஆறவிட வேண்டும். நிறுத்தியபின் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வைத்தால் போதும். சூடான டிரம்மில் அழுத்தியபடி நிற்கிற லைனிங் ஒட்டிக்கொள்ளும். பெடல் முன்பைவிட ஆழமாக இறங்குகிறது என்று தோன்றினால், எத்தனை சுற்று பாக்கி இருந்தாலும், அன்றைக்கு அவ்வளவுதான்.

மாலையில் கிளம்புவதற்கு முன் சக்கரத்தின் கம்பி இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பேடைப் பாருங்கள். 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் அதோடு காரைக்கால் வரை ஓட்டக் கூடாது. ஸ்விஃப்ட் பேடு ஸ்ரீபெரும்புதூரில் எந்தக் கடையிலும் கிடைக்கும், 2,000 ரூபாய், ஒரு மணி நேர வேலை.